போடிமெட்டில் ஜீப் ஓட்டுகிறவன் கேட்கிறேன்: மகனை லூஜ் பழக அனுப்பலாமா?

மேட்டு ஜீப் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் போடிநாயக்கனூர். இருபத்திரண்டு வருடமாக ஜீப் ஓட்டுகிறேன். விடிகாலையில் ஆள் ஏற்றி, முந்தல் தாண்டி மலையேறி, போடிமெட்டு செக்போஸ்ட் வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் போய்த் திரும்பக் கூட்டி வர வேண்டும். அதுதான் பிழைப்பு. விளையாட்டில் எனக்குத் தெரிந்தது கபடியும் கொஞ்சம் கிரிக்கெட்டும். பனி என்றால் மூணாறில் குளிர்காலத்தில் புல்மேல் வெள்ளையாகப் படிந்து கிடக்குமே, அதைப் பார்த்ததோடு சரி.

மகனுக்குப் பதினேழு வயது, பன்னிரண்டாவது படிக்கிறான். சின்னதில் பலகைக்கு அடியில் பழைய பேரிங் மாட்டித் தெருவில் வண்டி உருட்டினான். எல்லாப் பையன்களும் செய்கிறதுதான், நானும் செய்திருக்கிறேன். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், இவன் விடவில்லை. வண்டி நீளமாகிக்கொண்டே போனது. பேரிங் போய் ரப்பர் சக்கரம் வந்தது. இப்போது மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டி, கெண்டைக்காலால் அழுத்தித் திருப்புகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் மேட்டிலிருந்து புலியூத்து வரைக்கும் அப்படியே இறங்கியிருக்கிறான். எதிரே ஜீப்பில் ஏறி வந்த இன்னொரு டிரைவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்றைக்கு அடித்துவிட்டேன். தப்புதான்.

அடி வாங்கியவன் அழவில்லை. போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினான். பனிக்கட்டியால் செய்த வாய்க்கால் மாதிரி ஒன்று, அதில் இதே மாதிரி மல்லாந்து படுத்து ஒருத்தர் போகிறார். இதற்குப் பெயர் லூஜ், ஒலிம்பிக்கில் இருக்கிறது, நம் நாட்டிலிருந்து சிவ கேசவன் என்பவர் ஆறு ஒலிம்பிக் போயிருக்கிறார், அவரும் இமயமலை ரோட்டில் சக்கரம் வைத்த பலகையில்தான் பழகினார் என்றான். ப்ளஸ் டூ முடித்ததும் மணாலிப் பக்கம் போய்ப் பழக வேண்டுமாம்.

சரி, பார்ப்போம் என்று அவன் தூங்கின பிறகு நானே போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது.

2010 பிப்ரவரி 12. கனடாவில் விஸ்லர் என்ற ஊர். வான்கூவர் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்குச் சில மணி நேரம் முன்னால், ஜார்ஜியா நாட்டுப் பையன் நோடர் குமாரிதாஷ்விலி பயிற்சி ஓட்டத்தில் வருகிறான். வயது 21. வேகம் மணிக்குச் சுமார் 144 கிலோமீட்டர். கடைசி வளைவில் வண்டி கட்டுப்பாட்டை விட்டுப் போய், எதிர்ப்பக்கச் சுவருக்கு மேலே தூக்கி வீசப்பட்டு, பாதைக்கு வெளியே நிற்கும் இரும்புத் தூணில் போய் மோதுகிறான். அந்தத் தூணில் மெத்தையோ ஸ்பாஞ்சோ ஒன்றும் இல்லை. வெறும் இரும்பு.

அதற்குப் பிறகு படித்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பாதையில் குறை இல்லை, முந்தின வளைவிலிருந்து வீரர் தாமதமாக வெளியே வந்தார், அதைச் சரிசெய்ய முடியவில்லை என்று லூஜ் சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். ஆனால் மறுநாள் போட்டி தொடங்குவதற்குள் அந்த இடத்தில் சுவரை உயர்த்தியாகிவிட்டது. தூண்களுக்கு மெத்தை கட்டியாகிவிட்டது. ஆண்கள் புறப்படும் இடத்தையும் கீழே இறக்கி வேகத்தைக் குறைத்தாகிவிட்டது. பாதையில் குறை இல்லையென்றால் எதற்கு ராத்திரியோடு ராத்திரியாக இத்தனை வேலை?

இதை நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் அண்ணனும் ஜீப் டிரைவர்தான். பதினான்கு வருடம் முன்னால், தோட்டத்தில் ஆள் இறக்கிவிட்டுக் காலி வண்டியாக இறங்கி வந்தார். மூடுபனி. ஒரு வளைவில் கைப்பிடிச் சுவர் மழையில் சரிந்து மூன்று மாதமாக அப்படியே கிடந்தது. சுவர் இருந்த இடத்தில் இரண்டு தார் டிரம்மும் ஒரு கயிறும். வண்டி அதைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. எஃப்ஐஆரில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’. சுவர் இல்லாததைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரி கிடையாது. பதினாறாம் நாள் காரியத்துக்குள் அங்கே புதுச் சுவர் எழுந்துவிட்டது. வெள்ளையும் கறுப்பும் அடித்து, இன்றைக்கும் நிற்கிறது. தினமும் இரண்டு தடவை அதைத் தாண்டித்தான் போகிறேன்.

என் கேள்வி இதுதான். இந்த விளையாட்டுகளில் சாவது விதியா, ஆளின் தவறா, இல்லை யாரோ பார்த்துச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவன் அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

சும்மா ஒருத்தன் எழுதியது:

அண்ணே, எதற்கு வம்பு? போடியில் இல்லாத பனிக்கு மணாலி வரை போக வேண்டுமா. ஐடிஐயில் சேர்த்துவிடுங்கள். வண்டி மேல் அவ்வளவு ஆசை என்றால் மெக்கானிக் ஆகட்டும்.

சித்தூர் மாஷ் எழுதியது:

மேலே எழுதிய தம்பி சொல்வது சுலபம். பதினேழு வயதில் ரோட்டில் படுத்துக்கொண்டு இறங்குகிறவன் ஐடிஐயில் சேர்ந்தாலும் இறங்கத்தான் செய்வான்.

பாலக்காட்டுச் சித்தூரில் தமிழ் மீடியத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிவ கேசவனை நாங்கள் பாதி நம்ம ஆள் என்று சொல்லிக்கொள்வோம். அப்பா தலச்சேரிக்காரர், அம்மா இத்தாலிக்காரர், வளர்ந்தது மணாலிப் பக்கம். 1998இல் ஜப்பானில் நகானோ ஒலிம்பிக்கில் இறங்கும்போது அவருக்குப் பதினாறு வயது. கடைசியாக 2018இல் பியோங்சாங். நீங்கள் படித்த அந்த விஸ்லரிலும் அவர் இருந்தார், அதே பாதையில் போட்டியிட்டார். 2014இல் சோச்சியில் பயிற்சியின்போது வண்டியிலிருந்து புரண்டு விழுந்து, பனியில் சறுக்கிக்கொண்டே மறுபடியும் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அந்த வீடியோவை உங்கள் மகன் நூறு தடவையாவது பார்த்திருப்பான். பார்த்துவிட்டுச் சிரித்திருப்பான். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயம். விழுந்தவர் பாதைக்கு உள்ளேயே இருந்தார், அதனால்தான் திரும்ப ஏற முடிந்தது. அதை அவனுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

சோச்சிப் பாதையைப் பற்றி இன்னொன்று. விஸ்லர் சாவுக்குப் பிறகு கட்டி முடித்த பாதை அது. நடுவில் மூன்று இடத்தில் மேட்டில் ஏறுகிற மாதிரி வைத்தார்கள், வேகம் தானாகக் குறைய வேண்டும் என்று. விஸ்லரில் 2009இலேயே ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் லோக் மணிக்கு 153.98 கிலோமீட்டர் தொட்டிருந்தார். பாதையை வரைந்தவர்கள் எதிர்பார்த்த வேகத்தைவிட அது ரொம்பவே அதிகம். ஆக, பாதை அளவுக்கு மீறி ஓடுகிறது என்பது விபத்துக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

அந்தப் பையனின் அப்பா சொன்னதைப் படித்தீர்களா? அவரும் லூஜ் வீரராக இருந்தவர். ஒரு வளைவு பயமாக இருக்கிறது என்று மகன் போனில் சொல்லியிருக்கிறான். காலைக் கீழே ஊன்றி வேகத்தைக் குறைத்துக்கொள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் ஜெயிக்க வந்தவன், அப்படிச் செய்ய மாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் வாசலில் போய் உட்கார்ந்திருந்தேன். என் மாணவர்களில் எத்தனை பேர் பயத்தை என்னிடம் சொன்னார்கள், நான் எத்தனை பேரைத் தட்டிக்கொடுத்து ஓடவிட்டேன் என்று கணக்குப் பார்க்கத் தோன்றியது.

செங்கோட்டை ரோடுக்காரன் எழுதியது:

மேட்டு ஜீப் அண்ணனுக்கு முதலில் ஒரு வார்த்தை. உங்கள் அண்ணனுக்காக வருந்துகிறேன். நான் மலை ரோட்டுக் காண்டிராக்டரிடம் சைட் இன்ஜினியர். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போகிற வழியில் இரும்புத் தடுப்பு அடிக்கும் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் இது கொஞ்சம் என் ஏரியா.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. விபத்துக்குப் பிறகு சுவர் கட்டினால் அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. மற்ற வீரர்கள் பயந்து போயிருந்தார்கள், அவர்கள் மனநிலையையும் பார்த்துத்தான் மாற்றினோம் என்றும் சங்கம் சொன்னது. அதுவும் நியாயமான காரணம்தான். அந்தப் பையன் தவறு செய்ததும் நிஜம். ஆனால் அந்தத் தவறுக்கு விலை என்ன என்று வைத்தது பாதையைக் கட்டினவர்கள். அங்கேதான் உங்கள் கேள்வி சரி.

கணக்காகச் சொல்கிறேன். 144 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 40 மீட்டர். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், எண்பது மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுகிறவன் தரையைத் தொடும் வேகம் அது. அந்த வேகத்தில் போய் இரும்பில் மோதி பத்து சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டியிருந்தால், உடம்பின் எடை 800 மடங்கு ஏறின மாதிரி. எந்த ஹெல்மெட்டும் உதவாது. அதே ஆள், அதே வேகம், அதே தவறு, ஆனால் சுவர் உயரமாக இருந்து உள்ளேயே சறுக்கி இருபது மீட்டரில் நிற்கிறான் என்று வையுங்கள். நாலு மடங்குதான். தோள் இறங்கும், தோல் உரியும், எழுந்து நடப்பான். வளைவில் திரும்பும்போதே லூஜ்காரர்கள் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு தாங்குகிறார்கள்.

உயிர் போகிறதா இல்லையா என்பது வேகத்தில் மட்டும் இல்லை, நிற்பதற்கு எவ்வளவு தூரம் கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. உங்கள் பக்கம் அய்யம்பட்டி ஜல்லிக்கட்டில் களத்தில் தென்னை நார்க்கழிவு கொட்டுகிறார்களே, அதே சங்கதிதான். மாடு முட்டித் தூக்கி எறிவதை யாரும் தடுக்க முடியாது. விழுகிற இடத்தைத்தான் மாற்ற முடியும்.

ரோட்டிலும் இதே பாடம்தான், படித்தவர்களே மறந்துவிடுகிறார்கள். இரும்புத் தடுப்பை அடித்துக்கொண்டே போய், அதன் முனையைக் கூர்மையாக வெளியே நீட்டி விட்டுவிடுவார்கள். காப்பாற்ற வைத்ததே ஈட்டியாகிவிடும். நானே ஒரு காலத்தில் அப்படி ஒன்றை விட்டுவிட்டு வந்தேன். பிறகு ஒரு லாரி டிரைவர் வந்து திட்டினதும் போய் வளைத்துப் புதைத்தேன்.

கம்பம் பொண்ணு எழுதியது:

ஊர் கம்பம், வளர்ந்தது குமுளியில். இப்போது ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிறேன். பனிச்சறுக்குக்குப் பெயர் போன கார்மிஷ் ஊர் இங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். லூஜ் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் எலும்பு வார்டில் வேலை, டிசம்பர் வந்தால் பாதி படுக்கை பனிச்சறுக்குக்காரர்கள். அதனால் வேடிக்கை பார்க்கப் போய், விசாரித்து, படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கார்மிஷில் 1994 ஜனவரி 29 அன்று ஆஸ்திரியாவின் உல்ரிகே மையர், மலைச்சரிவில் அதிவேகமாகச் சறுக்கி இறங்கும் டவுன்ஹில் போட்டியில் விழுந்து கழுத்து முறிந்து இறந்தார். சூப்பர்-ஜி என்ற இன்னொரு வேகச் சறுக்குப் பந்தயத்தில் இரண்டு முறை உலகச் சாம்பியன், சின்னப் பெண் குழந்தையின் அம்மா. என்னோடு வேலை செய்யும் வயதான அக்கா ஒருவர் அன்றைக்கு டிவியில் அதை நேரலையாகப் பார்த்தாராம். இப்போதும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

சறுக்குப் பாதையில் இரண்டு விதமான வலை உண்டு. ஏ-வலை என்பது உயரமாக, கம்பியில் தொங்கவிட்டு நிரந்தரமாகக் கட்டுவது. ஆபத்தான இடத்துக்கு அதுதான். பி-வலை என்பது கிட்டத்தட்ட ஆள் உயரத்தில் பனியில் குச்சி நட்டு வரிசை வரிசையாக வைப்பது. முதல் வரிசை பிடுங்கிக்கொண்டு வந்தால் அடுத்தது பிடிக்கும், அதுவும் போனால் அதற்கடுத்தது. ரோடுக்கார அண்ணன் சொன்ன ‘நிற்க தூரம்’ இதுதான். அவர் சொன்ன ஈட்டிக் கதையும் இங்கே உண்டு. 1991இல் சுவிட்சர்லாந்தின் வெங்கனில் கெர்னோட் ரைன்ஸ்டாட்லர் என்ற இளைஞனின் சறுக்குக் கட்டை பாதுகாப்பு வலையிலேயே மாட்டிக்கொண்டது. அந்தக் காயத்திலேயே இறந்தார்.

அண்ணா, நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறு. செத்தவர்கள் எந்த நாளில் செத்தார்கள் என்று பாருங்கள். நோடர் பயிற்சியில். 1964 இன்ஸ்ப்ருக் ஒலிம்பிக்கில் இரண்டு பேர் இறந்தார்கள், ஆஸ்திரேலியாவின் ராஸ் மில்ன் பனிச்சறுக்கில், பிரிட்டனுக்காக இறங்கிய ஸ்கிஷிப்பெட்ஸ்கி லூஜில். இரண்டுமே பயிற்சி. 2001இல் பிரான்ஸின் ரெஜின் கவான்யூ பயிற்சியின்போது பாதையில் நின்ற வேறொரு நாட்டுப் பயிற்சியாளர் மேல் மோதி இறந்தார். அந்த வருடத்து உலகச் சாம்பியன் அவர். 2017இல் டேவிட் புவாசோன் கனடாவில் பயிற்சியில் வலையைத் தாண்டிப் போய் மரத்தில். 2025 செப்டம்பரில் இத்தாலியின் மத்தேயோ ஃபிரான்சோசோ, சிலி நாட்டில் பயிற்சியில் இரண்டு வரிசை வலையைத் தாண்டி மரவேலியில். வயது 25.

போட்டி நாளில் டிவி கேமரா இருக்கும், ஹெலிகாப்டர் நிற்கும், வலை முழுசாக இருக்கும். பயிற்சி நாளில் வேகம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் சுற்றிலும் எல்லாம் குறைவு. உங்கள் அண்ணன் காலி வண்டியாக இறங்கினார் என்று எழுதியிருந்தீர்களே, படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

நல்லதும் நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உடைக்கு உள்ளே போடும் ஏர்பேக் வந்திருக்கிறது. கட்டுப்பாடு போய்விட்டது என்று சென்சார் கண்டுபிடித்ததும் கண் மூடித் திறப்பதற்குள் நெஞ்சையும் முதுகையும் சுற்றி ஊதிக்கொள்ளும். 2024-25 பருவத்திலிருந்து உலகக் கோப்பை டவுன்ஹில், சூப்பர்-ஜி இரண்டுக்கும் அது கட்டாயம். அதுவும் தலையையும் காலையும் காப்பாற்றாது. மரத்தையும் நகர்த்தாது.

தம்பியிடம் கோபப்படாதீர்கள் அண்ணா. அவனை விட்டுவிடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை.

மேட்டு ஜீப் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், சீசன் நேரம்.

மாஷ், நீங்கள் எழுதியதை அவனிடம் வாசித்துக் காட்டினேன். சோச்சி வீடியோவில் சிரித்தாயா என்று கேட்டேன். ஆமாம் என்றான். அந்த அப்பாவும் மகனும் போனில் பேசின இடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உனக்கு எந்த வளைவு பயம் என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. புலியூத்துக்கு மேலே இரண்டாவது வளைவு, அங்கே கேரளா லாரி உள்பக்கமாக வெட்டி வரும் என்றான். எனக்கும் அதே வளைவுதான் பயம். இருபத்திரண்டு வருடத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவனிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போய் அவன் பெரியப்பா விழுந்த இடத்தில் நிறுத்தினேன். இதுவரை அவனுக்கு அந்த இடம் எது என்றே நாங்கள் காட்டவில்லை. இறங்கி அந்தச் சுவரின் உயரத்தைக் கையால் அளந்தான். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். கொஞ்சம் கீழே போய்த் திரும்பி வந்து, ‘அப்பா, அடுத்த வளைவிலும் சுவர் விரிசல் விட்டிருக்கு’ என்றான். போய்ப் பார்த்தேன். உண்மைதான், அடியில் மண் அரித்துப் போய் ஒரு பக்கம் தொங்குகிறது. தினமும் போகிற நான் பார்க்கவில்லை. போட்டோ எடுத்து டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறோம். ரோடுக்கார அண்ணா, அந்த மனுவில் என்ன வார்த்தை போட்டால் சீக்கிரம் நகரும் என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

லூஜ் விஷயம்: மலை ரோட்டில் பலகை எடுப்பதில்லை என்று அவன் அம்மா தலையில் கை வைத்துச் சொல்லியிருக்கிறான். ஆமாம், அவளுக்குச் சொல்லிவிட்டேன், இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பரீட்சை முடியட்டும், மணாலிக்கு நானே கூடப் போகிறேன். பழகிக் கொடுக்கிறவரிடம் மெடலைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. பயிற்சி நாளில் பாதைக்கு வெளியே என்னென்ன நிற்கிறது, காலையில் அதை நடந்து போய்ப் பார்க்கிற ஆள் யார் என்று மட்டும் கேட்பேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் இவனை விட்டுவிட்டு வருவேன்.

கம்பத்துத் தங்கச்சி, கார்மிஷ் பக்கம் போனால் அந்த வலையை ஒரு போட்டோ எடுத்துப் போடும்மா. முடிச்சு எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று இவன் பார்க்க வேண்டுமாம்.

மணி நாலே கால். ஆள் வந்து நிற்கிறார்கள்.